முதியோர் தடுக்கி விழாமலிருக்க எந்தப் பயிற்சி?

முதுமையில் கீழே விழுவதற்குப் பெரும்பாலும் பல காரணங்கள் சேர்ந்துகொள்கின்றன: தொடைத் தசைத் தளர்ச்சி, பார்வை மங்கல், சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போதல், எழுந்ததும் ரத்த அழுத்தம் இறங்குதல், ஈரத் தரை. இவற்றில் பயிற்சியால் நேரடியாக மேம்படுபவை தசை வலுவும் சமநிலையும். 108 ஆய்வுகளைத் தொகுத்த 2019-ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வின்படி, உடற்பயிற்சி விழும் எண்ணிக்கையை ஏறத்தாழ 23 சதவீதம் குறைக்கிறது. ஆனால் எல்லாப் பயிற்சியும் ஒரே பலன் தருவதில்லை. உடலைச் சற்றே தள்ளாட வைத்து, அதைச் சமாளிக்கப் பழக்கும் பயிற்சிதான் விழுவதைத் தடுக்கிறது.

நிலையை அறிதல்

சுவரோரம் நின்று, ஒரு பாதத்தின் குதிகால் மற்றதன் கட்டைவிரலைத் தொடும்படி நேர்கோட்டில் வைத்து, பிடிமானமின்றி 10 விநாடி நிற்க வேண்டும். முடியாவிட்டால் விழும் அபாயம் அதிகம். இதைச் செய்யும்போது வீட்டார் ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.

நடைப்பயிற்சி

திண்டுக்கல் சமவெளியில் வெயில் ஏறுமுன் நடப்பது பலருக்குப் பழக்கம். மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைபாதை அமைக்கும் அரசுத் திட்டமும் 2023-இல் தொடங்கியது. இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நடை நல்லது. ஆனால் நடை மட்டுமே விழுவதைக் குறைக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. சமதளச் சாலை சமநிலையைச் சோதிப்பதில்லை. எட்டு வடிவ நடையில் திரும்பும் இடங்கள் ஓரளவு சோதிக்கும். திண்டுக்கல் மலைக்கோட்டைப் படிகள் தொடைக்கு வலு தரும். தள்ளாட்டம் உள்ளவர்களுக்கோ இறங்குவது ஆபத்து.

யோகாசனம்

விருட்சாசனம் போல ஒற்றைக்காலில் நிற்பவை சமநிலையை வளர்க்கும். எலும்பு தேய்ந்தவர்கள் முன்புறம் ஆழமாகக் குனியும் ஆசனங்களைத் தவிர்க்க வேண்டும். முதியோரைப் பயிற்றுவித்த அனுபவமுள்ள ஆசிரியர் இருந்தால் இது நல்ல தேர்வு. மெல்லிய அசைவுகளாலான தாய் ச்சி விழுவதைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டினாலும், முறையாகக் கற்றுத்தருபவர் அருகில் கிடைத்தால்தான் பயன்.

வீட்டில் செய்யும் சமநிலை, தசைப் பயிற்சி

சமநிலைப் பயிற்சியோடு தசைப் பயிற்சியும் சேரும்போது, அதே மதிப்பாய்வின்படி குறைவு ஏறத்தாழ 34 சதவீதம். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் உருவான திட்டம் இவ்வகையில் பெயர்பெற்றது: வாரம் 3 நாள், நாளுக்கு 30 நிமிடம், இடையே நடை.

சமையல் மேடையே இதற்குப் போதும். மேடையை இரு கைகளாலும் பிடித்துக் குதிகால்களை உயர்த்தி இறக்குவது முதல் படி. பிறகு ஒரு கை, அடுத்து இரு விரல், கடைசியில் பிடிக்காமல். சுவரில் சாய்த்த உறுதியான நாற்காலியில் கையூன்றாமல் எழுந்து உட்காருவது தொடைக்கான பயிற்சி. மேடை ஓரமாகப் பக்கவாட்டில் நடப்பதும், குதிகாலைக் கட்டைவிரலோடு ஒட்டி நடப்பதும் அடுத்த கட்டம். எளிதாகிவிட்டால் பிடிமானத்தைக் குறைக்க வேண்டும்; இல்லையேல் பலன் நின்றுவிடும்.

இயன்முறை மருத்துவம்

ஓராண்டில் இரண்டு முறை விழுந்தவர்கள், பக்கவாதம், பார்க்கின்சன் நோய், இடுப்பெலும்பு முறிவு கண்டவர்கள், பாதம் மரத்தவர்கள் தாமாகத் தொடங்கக் கூடாது. திண்டுக்கல் நகரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நாடலாம். கிராமத்தினர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறை சிகிச்சையும் அடக்கம்.

தேர்வு

10 விநாடி நிற்க முடிந்து, இதுவரை விழாதவர்களுக்கு நடையோடு யோகாசனமோ வீட்டுப் பயிற்சியோ போதும். நிற்க முடியாதவர்களுக்கும் ஒருமுறை விழுந்தவர்களுக்கும் மேற்பார்வையோடு தொடங்கும் வீட்டுப் பயிற்சி பொருந்தும். வேக நடை அவர்களுக்குப் பிறகுதான். பலமுறை விழுந்தவர்களுக்கு முதலில் இயன்முறை மருத்துவர்.

எதைத் தேர்ந்தாலும் தொடர்ந்து செய்ய வேண்டும். விட்டால் பலன் கரையும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் பயிற்சி செய்யக் கூடாது. தேய்ந்த ரப்பர் செருப்பு ஆகாது. தலைசுற்றல், நெஞ்சுவலி வந்தால் நிறுத்திவிட வேண்டும். தூக்க மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரைகளின் அளவை மருத்துவரிடம் சரிபார்ப்பதும் கண்புரை சிகிச்சையும் குளியலறையில் கைப்பிடி பொருத்துவதும் பயிற்சியோடு சேர்த்துச் செய்ய வேண்டியவை.