காத்திருந்து கனியும் ஒயின் – ஒரு வேதியியல் நோக்கு

சர்க்கரையை ஈஸ்ட் நொதிக்கச் செய்தால் எத்தில் ஆல்கஹாலும் கார்பன்-டை-ஆக்சைடும் உண்டாகும். நம் பாடநூல் அத்துடன் நிறுத்திக்கொள்கிறது. ஆனால் ஒயினைப் பொறுத்தவரை நொதித்தல் சில வாரங்களில் முடிந்துவிடும் தொடக்கமே. அதன்பின் பல்லாண்டுகள் புட்டிக்குள் நிகழும் மாற்றங்களே வேதியியல் மாணவனுக்கு விருந்து. மதுவின் பெருமை பாடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அம்மாற்றங்களை அறிவதற்குப் பிரான்சு நாட்டில், ரோன் ஆற்றின் மேற்குக் கரையிலுள்ள கோர்னாஸ் என்னும் சிற்றூரை எடுத்துக்கொள்வோம்.

செங்குத்தான கருங்கல் சரிவுகளில் கற்சுவர் எழுப்பிப் படிப்படியாக அமைத்த தோட்டங்கள் அவ்வூருடையவை. 1938-இல் சட்ட ஏற்புப் பெற்ற கோர்னாஸ் ஒயினில் சிரா என்ற கருந்திராட்சை தவிர வேறு கலக்கக்கூடாது. பாரசீகத்து ஷிராஸ் நகரிலிருந்து வந்ததால் இப்பெயர் என்று நெடுங்காலம் கதை வழங்கியது. 1990களின் இறுதியில் நடந்த மரபணு ஆய்வு, துரேசா, வெள்ளை மொந்தூஸ் என்னும் இரு பிரெஞ்சுத் திராட்சைகளின் கலப்பே சிரா என்று காட்டிக் கதையை முடித்துவைத்தது.

இவ்வூரின் சிறு உற்பத்தியாளர்களுள் ஒருவர் ஓகுஸ்த் கிளாப். ஒயினை மொத்தமாக வணிகரிடம் விற்றுவிடுவதே வழக்கமாயிருந்த காலத்தில், தாமே புட்டியில் அடைத்துத் தம் பெயரில் விற்க முன்வந்தவர். 2018-இல் அவர் மறைந்தபின் குடும்பத்தார் தொழிலைத் தொடர்கின்றனர். அவர் முறை எளிது: காம்போடு நொதிக்க வைத்தல், சிமெண்டுத் தொட்டி, பின்னர் பெரிய பழைய மரப்பீப்பாய்களில் நெடுநாள் இருத்தல். புதிய ஓக் பீப்பாய் வனிலா மணத்தை ஏற்றி இளம் ஒயினையும் இனிமையாக்கும். 1980களில் அந்த நாகரிகம் கோர்னாசுக்கும் வந்தது. கிளாப் அதன்பின் போகவில்லை. இது வெறும் பழமைப்பற்று அன்று என்பது என் கருத்து. வேதியியல் அவர் பக்கம் நிற்கிறது.

தோல், விதை, காம்பு மூன்றும் துவர்ப்பான டானின்களைத் தருகின்றன. தோல் ஆந்தோசயனின் என்னும் நிறமியையும் தருகிறது. தனித்த நிறமி விரைவில் சிதையும். டானினோடு இணைந்தால் நிலைபெறும். பீப்பாயிலும், பின்னர் தக்கை வழியே மிகச் சிறிதளவாகவும் நுழையும் ஆக்சிஜன் எத்தனாலில் ஒரு பகுதியை அசிட்டால்டிஹைடு ஆக்குகிறது. அதுவே இரண்டையும் பிணைக்கும் பாலம். ஆண்டுகள் செல்ல ஊதா நிறம் செங்கல் நிறமாகும்; அடியில் வண்டல் படியும்; நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு தணியும். டானின் சங்கிலிகள் நீண்டு படிவதே காரணம் என்று முன்பு கருதினர். அமில ஊடகத்தில் அவை உடைந்து மீண்டும் சேர்வதும் உண்டு என்று இப்போது தெரிகிறது.

பீப்பாயின் அளவும் முக்கியம். நீள அகலங்களை இரட்டித்தால் கொள்ளளவுக்குரிய மேற்பரப்பு பாதியாகும். ஆக்சிஜன் மெல்லவே சேரும். காம்புக்கு ஒரு விலை உண்டு: அதிலுள்ள பொட்டாசியம் அமிலத்தன்மையைச் சற்றுக் குறைக்கிறது, பச்சைக் காம்பாயின் கசப்பும் ஏறும். ஆகவே விளைச்சலைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

வேதியியல் பக்கம் நின்றாலும் பணம் பக்கம் நிற்பதில்லை. இயந்திரம் ஏறாத சரிவில் கையால் உழைத்து, கனிய ஆண்டுகள் கேட்கும் ஒயினை விற்க வேண்டும். புட்டிகளை வைத்துக் காக்கச் சிறு உழவருக்கு முதல் ஏது? கரடுமுரடான இளமையிலேயே விற்றுவிட, காத்திருக்கும் வேலை வாங்கியவருக்கு வருகிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் எதிர்க்கரையிலுள்ள வலான்ஸ் நகரின் வேலைகள் இளைஞரை ஈர்த்தபோது, பல படித்தோட்டங்கள் புதர் மண்டியதில் வியப்பில்லை.

சிராவின் மிளகு மணத்தையும் சொல்ல வேண்டும். அதற்குக் காரணமான ரொட்டண்டோன் என்னும் சேர்மத்தை 2008-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் அடையாளம் கண்டனர். நம் அஞ்சறைப் பெட்டியிலுள்ள மிளகின் மணத்துக்கும் அதுவே காரணம். ஒரு லிட்டர் நீரில் ஒரு கிராமின் நூறு கோடியில் 8 பங்கு இருந்தாலே மூக்கு உணர்ந்துவிடும். ஆனால் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு, அதைவிடப் பன்மடங்கு இருந்தாலும் அம்மணம் தெரிவதேயில்லை.