பழைய சாமானில் மறைந்திருக்கும் பாதரசம்

ஜொகூர் பாரு, மூவார், பத்து பகாட், குளுவாங் முதலிய ஊர்களில் பழைய சாமான் வாங்கி விற்கும் சகோதரர்களும், பழுதான ஐஸ் பெட்டியை அவர்களிடம் தள்ளிவிடும் மளிகைக்கடை, சாப்பாட்டுக்கடைச் சகோதரர்களும் இப்பாடத்தைக் கவனமாக வாசிக்கக் கோருகிறோம். செம்பும் இரும்பும் கண்ணுக்குத் தெரியும் லாபம். பாதரசமோ கண்ணுக்குத் தெரியாத நஷ்டம்.

கொடைக்கானல் தரும் படிப்பினை

கொடைக்கானல் மலையில் காய்ச்சல்மானி செய்யும் தொழிற்சாலை ஒன்று 1980-களில் ஏற்பட்டது. பின்னர் அது ஹிந்துஸ்தான் லீவர் கம்பெனியின் வசமாயிற்று. அங்கே உடைந்த கண்ணாடி, பாதரசம் ஒட்டிய நிலையிலேயே மூஞ்சிக்கல்லில் இருந்த ஒரு பழைய சாமான் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. 2001 மார்ச்சில் ஊரார் அதைக் கண்டு கிளர்ச்சி செய்தனர். அம்மாதமே ஆலை மூடப்பட்டது. பாதரசக் கழிவு 2003-ல் கப்பலேறி அமெரிக்கா சென்றது. 591 முன்னாள் தொழிலாளருடன் கம்பெனி உடன்பாட்டுக்கு வந்தது 2016-ல்தான். விஷம் வெளிப்பட்ட இடம் ஒரு பழைய சாமான் கடை என்பதை நாம் மறக்கலாகாது.

அபாயம் எதில்?

பாதரசம் சாதாரண உஷ்ணத்திலேயே திரவமாயிருந்து ஆவியாகும் உலோகம். அந்த ஆவிக்கு நிறமுமில்லை, வாசனையுமில்லை. மூச்சு வழியே இரத்தத்தில் கலந்து மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கும். கைநடுக்கம், தூக்கமின்மை, ஞாபகமறதி ஆகியவை அதன் அறிகுறிகள். கர்ப்பத்திலுள்ள சிசுவுக்கும் குழந்தைகளுக்கும் கேடு அதிகம்.

எங்கே தேடுவது?

1. மேல்மூடி திறக்கும் பழைய உறைபெட்டி: மூடியைத் தூக்கினால் விளக்கு எரியுமாயின், மூடிக்குள் பாதரச ஸ்விட்ச் இருக்கக்கூடும். மேல்பக்கம் திறக்கும் பழைய சலவை இயந்திரத்தின் மூடியும் அவ்வாறே. 2000-க்கு முன் செய்தவற்றில் சந்தேகம் அதிகம்.

2. சுவரில் மாட்டும் பழைய உஷ்ணக் கட்டுப்பாட்டுக் கருவி.

3. சில பழைய காஸ் அடுப்புகளின் சுடர் உணரும் குழாய்.

4. குழல் விளக்கு, சுருள் விளக்கு. பழைய தட்டைத் திரை டெலிவிஷனில் திரைக்குப் பின்னுள்ள மெல்லிய விளக்குகள்.

5. காய்ச்சல்மானி, பழைய இரத்த அழுத்தமானி. பின்னதில் சுமார் 100 கிராம் வரை இருக்கும்.

அடையாளம் யாது?

பாதரச ஸ்விட்ச் என்பது விரற்கணு அளவுள்ள கண்ணாடிக் குமிழ். இரண்டு கம்பிகள் உள்ளே போகும். மெதுவாய்ச் சாய்த்தால் வெள்ளி போன்ற துளி உருளும். சிலவற்றில் கண்ணாடிக்குப் பதில் உலோக உறை இருக்கும். அதைத் திறந்து பார்க்க வேண்டாம். விளக்குகளின் அடிப்பாகத்தில் எச், ஜி என்ற இரண்டு ஆங்கில எழுத்துக்கள் இருந்தால் பாதரசம் உண்டென்று அர்த்தம். குழல் விளக்கில் சில மில்லிகிராம்தான். ஒரு ஸ்விட்ச்சிலோ கிராம் கணக்கில் இருக்கும்.

செய்ய வேண்டியது

நசுக்குமுன், உருக்குமுன் ஸ்விட்ச்சை முழுதாய்க் கழற்றுக. திருகுமூடிப் பிளாஸ்டிக் டப்பாவில் இட்டு, பெயர் எழுதி, வெயில் படாத இடத்தில் வைக்கவும். கம்பியிலுள்ள செம்புக்காக ஒருபோதும் எரிக்கக்கூடாது. மலேசியாவின் 2005-ஆம் ஆண்டு விதிகளில் இத்தகைய மின்சாமான் கழிவு எஸ்.டபிள்யூ. 110 என்ற எண்ணின் கீழ் வருகிறது. 180 நாளுக்கு மேல் வைத்திராமல், சுற்றுச்சூழல் இலாகாவின் லைசென்ஸ் பெற்ற இடத்திலேயே ஒப்படைக்க வேண்டும்.

உடைந்துவிட்டால் குழந்தைகளை அப்புறப்படுத்தி, ஜன்னல்களைத் திறந்து, பதினைந்து நிமிஷம் வெளியே நிற்கவும். துடைப்பமும் தூசி உறிஞ்சும் இயந்திரமும் ஆகா. அவை விஷத்தைப் பரப்பும். கெட்டி அட்டையால் அள்ளி, ஈரக் காகிதத்தால் ஒற்றி, டப்பாவில் மூடுக. தங்க மோதிரத்தை முதலில் கழற்றிவிடவும். பாதரசம் தங்கத்தைப் பற்றிக்கொள்ளும்.

மினமாத்தா உடன்படிக்கை நாடுகள் 2027 முடிவுக்குள் குழல் விளக்கு உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் நிறுத்த 2023-ல் தீர்மானித்தன. புதியது குறையக் குறைய, பழையது நம் கடை வாசலுக்கே வரும்.

கூலிக்கு உடைக்கும் பையனுக்குச் சாமானின் விலை தெரியும், விஷம் தெரியாது. அதைச் சொல்லிக்கொடுப்பது முதலாளியின் கடமை. இன்றே கடையிலுள்ள ஒரு பழைய உறைபெட்டியின் மூடியைக் காட்டி, அவனுக்கு இப்பாடத்தைச் சொல்லுங்கள்.