ஸ்லைகோவில் சைக்கிள் ஏறுமுன்

அன்பு மகனுக்கு,

அயர்லாந்தின் வடமேற்கில், ஸ்லைகோ, லீட்ரிம் மாவட்டங்கள் சேரும் இடத்தில், சைக்கிளுக்கென்றே அமைந்தாற்போல் ஒரு சுற்றுவழி இருக்கிறது. ஸ்லைகோ ஊரில் தொடங்கிக் கடலோரமாக வடக்கே போய், மெல்வின் ஏரியைத் தொட்டு, கிளெனேட் பள்ளத்தாக்கு வழியே தெற்கே இறங்கி, கில் ஏரிக்கரையாக மறுபடி ஸ்லைகோ சேர்ந்தால் ஏறக்குறைய 130 கிலோமீட்டர். பழகிய கால்களுக்கு இது ஒரு நாள் வேலை. ஒரே நாளில் முடித்தவருக்கோ, ஊர் திரும்பிச் சொல்ல ஒரு எண்ணைத் தவிர வேறொன்றும் இருக்காது. இந்த வழியில் பார்க்க வேண்டியவை பெரும்பாலும் சாலையை விட்டுச் சற்று உள்ளே, ஒரு வயலுக்கு அப்பால், ஒரு சந்தின் முடிவில் இருப்பவை. நான்கு நாள் ஒதுக்குவதே முறை. நாளுக்கு நாற்பது கிலோமீட்டரைத் தாண்டும்படி திட்டம் போடுபவர் இடையில் நிற்க மாட்டார்.

டப்ளினிலிருந்து ஸ்லைகோவுக்கு ரயிலில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். சைக்கிளையும் ஏற்றலாம். ஆனால் ஒரு ரயிலில் அதற்கான இடங்கள் மிகச் சில என்பதால், சீட்டு வாங்கும்போதே சைக்கிளுக்கும் பதிவு செய்துவிட வேண்டும். ஏறும் நிலையத்தின் பெயர் கானலி, இறங்கும் நிலையத்தின் பெயர் மக்டியர்மடா. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சியின் பிரகடனத்தில் கையெழுத்திட்ட ஜேம்ஸ் கானலியும் ஷான் மக்டியர்மடாவும் ஒரே நாளில், மே 12 அன்று, சுட்டுக் கொல்லப்பட்டவர்கள். எழுச்சியின் ஐம்பதாம் ஆண்டான 1966 இல் இந்தப் பெயர்கள் வைக்கப்பட்டன. மக்டியர்மடாவின் ஊரான கில்டிகுளோஹர் இந்தச் சுற்றுவழிக்கு அருகில்தான் இருக்கிறது.

எந்தத் திசையில் சுற்றுவது என்பதைக் காற்றிடம் விட்டுவிடலாம். இங்கே பெரும்பாலும் வீசுவது அட்லாண்டிக்கிலிருந்து வரும் தென்மேற்குக் காற்று. மறைப்பே இல்லாத கடலோரப் பகுதியை முதலில் வடக்கு நோக்கிக் கடந்தால் காற்று முதுகைத் தள்ளும். திரும்பும் வழியில் மரங்களும் குன்றுகளும் அதன் வேகத்தை உடைக்கும். மாற்றிச் சுற்றினால் கடைசி நாள் முழுவதும் எதிர்காற்றில் மிதிக்க நேரும். சமதரையிலேயே மலை ஏறுவது போன்ற அந்த அனுபவம் யாருக்கும் தேவையில்லை.

மழை உண்டு. அயர்லாந்தின் மேற்கில் ஆண்டுக்கு 1000 முதல் 1400 மில்லிமீட்டர் வரை பெய்கிறது. சென்னையின் ஆண்டு மழையும் ஏறத்தாழ இந்த அளவுதான். அங்கே சில வாரங்களில் கொட்டித் தீர்ப்பது இங்கே ஆண்டில் இருநூறு நாளுக்கும் மேல் பரவித் தூறலாக விழுகிறது. ஆகவே மழை நிற்கட்டும் என்று காத்திருப்பவர் காத்தே கிடப்பார். நல்ல மழைக்கோட்டு, இரு சக்கரத்துக்கும் மட்கார்டு, மாற்றுக் காலுறை, கைபேசிக்கு நீர் புகாத உறை ஆகியவை போதும். மே, ஜூன் மாதங்கள் சிறந்தவை. ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும், அவசரம் என்பதே வேண்டாம். காற்றில்லாத கோடை மாலைகளில் மட்டும் ஏரிக்கரையில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத கொசு போன்ற சிறு பூச்சிகள் மொய்க்கும். கூடாரம் அடிக்க நினைப்பவர் கரையை விட்டுத் தள்ளியே அடிக்க வேண்டும்.

சைக்கிள் விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. டயர் 35 மில்லிமீட்டர் அகலத்துக்குக் குறையாமலும், கியர் ஏற்றத்துக்கு ஏற்றதாகவும் இருந்தால் சரி. கிராமச் சாலைகளில் தாரின் மேல் ஜல்லிப்பொடி பதித்திருப்பார்கள். மெல்லிய டயரில் அது எலும்பு வரை தெரியும். பஞ்சர் ஒட்டும் பொருள்கள், இரண்டு டியூப், ஒரு பம்பு கட்டாயம், ஏனெனில் இரு ஊர்களுக்கு நடுவே கடை கிடையாது. மூட்டையைக் கேரியரில் தொங்கும் பைகளில் வைக்க வேண்டும். முதுகுப்பையோடு மிதிப்பது இளவயதில் வீரமாகத் தோன்றும், இரண்டாம் நாள் காலையில் இடுப்பு கணக்குக் கேட்கும்.

சாலைகளின் எண்ணுக்கு முன்னால் நிற்கும் ஆங்கில எழுத்தைக் கவனித்தாலே பாதி ஆபத்து விலகும். 'என்' சாலைகள் தேசிய நெடுஞ்சாலைகள், வாகனங்கள் நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு நெருங்கி ஓடுபவை. 'ஆர்' சாலைகள் வட்டாரச் சாலைகள். 'எல்' சாலைகள் நடுவில் புல் முளைத்த ஊர்ச் சந்துகள், சைக்கிளுக்கு உற்றவை. இவற்றின் பொது வேக வரம்பு 2025 பிப்ரவரியில் 80இலிருந்து 60 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டது. போக்குவரத்து இந்தியாவைப் போல இடப்பக்கம்தான். எதிரே வரும் காரோட்டி ஸ்டீயரிங்கிலிருந்து ஒற்றை விரலைத் தூக்கினால் அது வணக்கம், பதிலுக்குத் தலையாவது அசைக்க வேண்டும். பண்ணை நாய் குரைத்துக்கொண்டு ஓடிவந்தால் மிதித்துத் தப்பப் பார்ப்பது வீண். இறங்கி, நாய்க்கும் தனக்கும் நடுவில் சைக்கிளை வைத்து நடந்தால் அதற்கே அலுத்துப்போகும்.

முதல் நாள், ஸ்லைகோவிலிருந்து வடக்கே டிரம்கிளிஃப். 574 இல் புனித கொலம்பா இங்கே மடம் நிறுவினார் என்பது மரபு. எஞ்சியிருப்பவை செதுக்கிய உயர் கற்சிலுவையும், சாலைக்கு எதிர்ப்புறம் உடைந்து நிற்கும் வட்டக் கோபுரத்தின் அடிப்பகுதியும். தேவாலய முற்றத்தில் கவிஞர் யேட்ஸின் கல்லறை. 1939 இல் பிரான்சில் இறந்தவரின் உடல் 1948 இல்தான் இங்கே வந்தது. சுற்றுலாப் பேருந்துகள் வருவது இந்தக் கல்லறைக்காகவே. சிலுவையைப் பார்ப்பவர் குறைவு, அதுவே இரண்டில் பழையதும் அரியதும். பின்னால் எழும் தட்டையான மலை பென்புல்பென், 526 மீட்டர். அதன் அடிவாரத்தில் 561 இல் ஒரு புத்தகத்துக்காகப் போர் நடந்தது என்கிறது மரபுக்கதை. கொலம்பா ஒரு நூலை அனுமதியின்றிப் படியெடுக்க, பசுவின் கன்று பசுவின் சொந்தக்காரனுக்கே என்பதுபோல் படியும் மூலநூலின் சொந்தக்காரருக்கே என்று அரசன் தீர்ப்புச் சொல்ல, அதில் மூண்டதாம் போர். பதிப்புரிமை வழக்குகளில் இதைவிடப் பழையது கிடைப்பது கடினம்.

டிரம்கிளிஃபுக்கு வடக்கே சில கிலோமீட்டர் என்15 சாலையைத் தவிர்க்க முடியாது. காலையிலேயே கடந்து, கிரேஞ்சில் இடப்புறம் திரும்பினால் ஸ்ட்ரீடா கடற்கரை. 1588 செப்டம்பரில் ஆர்மடா என்னும் ஸ்பானியப் போர்க்கடற்படையின் மூன்று கப்பல்கள் புயலில் இங்கே உடைந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1985 இல் கடலடியில் அவற்றின் சிதைவுகள் கண்டுபிடிக்கப்பட்டன, 2015 இல் வெண்கலப் பீரங்கிகள் மேலே வந்தன. கரையில் இன்று மணலும் ஒரு நினைவுக்கல்லும்தான். ஆனால் கரையேறிப் பிழைத்த கேப்டன் பிரான்சிஸ்கோ டி குவேயார், ஓராண்டு கழித்து ஆண்ட்வெர்ப்பிலிருந்து எழுதிய நீண்ட கடிதம் கிடைத்திருக்கிறது. உடையும் பொருளும் பறிக்கப்பட்டு, காலில் காயத்தோடு, ஒளிந்தும் நடந்தும் அவர் போனது மெல்வின் ஏரியை நோக்கி. ஊர்க்காரர்களைக் காட்டுமிராண்டிகள் என்று எழுதுகிறார், அவர்களால்தான் உயிர் பிழைத்ததையும் அதே கடிதத்தில் மறைக்காமல் எழுதுகிறார். அதன் மொழிபெயர்ப்பு ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டால் வேறு வழிகாட்டி நூல் தேவைப்படாது.

மேலும் வடக்கே கிளிஃபனிக்கு அருகில், சாலையோரமாகவே கிரீவிகீல் என்னும் கற்காலக் கல்லறை இருக்கிறது. ஈமச் சடங்குக்கான திறந்த முற்றமும், அதை அடுத்துக் கல் அறைகளும் கொண்டது. 1935 இல் ஹார்வர்டு குழுவினர் அகழ்ந்தார்கள். காவல் கிடையாது, அரை மணி நேரம் உட்காரலாம். இங்கிருந்து முல்லாக்மோர் துறைமுகம் பக்கம். இந்தியாவின் கடைசி வைஸ்ராய் மவுண்ட்பேட்டன் 1979 ஆகஸ்ட் 27 அன்று ஐரிஷ் குடியரசுப் படை (ஐ.ஆர்.ஏ.) வைத்த குண்டில் படகோடு மடிந்தது இந்தக் கடலில்தான். முதல் இரவு இங்கே தங்கலாம். ஜூலை, ஆகஸ்டில் அறைக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

இரண்டாம் நாள் கின்லாக் வழியாக மெல்வின் ஏரி. தென்கரையை ஒட்டி ஆர்281 போகிறது. கரைக்குச் சற்று அப்பால், மனிதர் கையால் எழுப்பிய சிறு தீவில், ராஸ்குளோஹர் கோட்டையின் சிதைவு கொடி படர்ந்து நிற்கிறது. டி குவேயாரும் உடனிருந்த எட்டு ஸ்பானியரும், கோட்டைக்குரிய மெக்கிளான்சி குலத் தலைவன் மலைக்கு ஒதுங்கியபின், ஆங்கிலப் படையை எதிர்த்து இதைக் காத்தார்கள். பதினேழு நாள் முற்றுகைக்குப்பின் பனி விழுந்து படை திரும்பிப் போனது என்கிறது கடிதம். மகிழ்ந்த தலைவன் தன் தங்கையையே மணமுடித்துத் தர முன்வர, கேப்டன் விடியுமுன் நழுவிவிட்டார். கோட்டை இருக்கும் இடம் தனியார் நிலத்தை ஒட்டியது. அயர்லாந்தில் யார் வயலிலும் நடக்கலாம் என்ற பொது உரிமை கிடையாது. கேட்டுவிட்டு நுழைவதும், மூடியிருந்த கேட்டை மூடியே விட்டு வருவதும் இங்கே எழுதாத சட்டம். ஏரியில் மூன்று தனி வகை டிரவுட் மீன்கள் இருக்கின்றன. அவற்றில் கில்லரூ என்பதன் பெயருக்கு ஐரிஷில் 'சிவந்த பையன்' என்று பொருள்.

இந்த ஏரியின் ஊடே நாட்டெல்லை ஓடுகிறது. வடகரையின் ஒரு பகுதி வடக்கு அயர்லாந்து, அதாவது ஐக்கிய இராச்சியம். சாலையில் தடுப்பும் இல்லை, சாவடியும் இல்லை. வேகப் பலகை கிலோமீட்டரிலிருந்து மைலுக்கு மாறுவதுதான் அடையாளம். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர் இதில் ஏமாறக் கூடாது. அயர்லாந்தில் படிக்கவோ வேலை செய்யவோ பெற்ற அனுமதி எல்லைக்கு அப்பால் செல்லாது, ஐக்கிய இராச்சியத்தின் விசா தனி. காவல் இல்லை என்பது அனுமதி உண்டு என்பதாகாது. தென்கரையிலேயே போய்த் திரும்பினால் ஏரி குறைந்துவிடாது.

மூன்றாம் நாள் கின்லாக்கிலிருந்து ஆர்280 இல் கிளெனேட் பள்ளத்தாக்கு. வழியில் கான்வால் இடுகாட்டில் ஒரு கிடைக்கல். அதில் நாய் போன்ற ஒரு விலங்கும் அதைக் குத்தும் ஈட்டியும் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஆண்டு 1722. கிளெனேட் ஏரியில் துணி துவைக்கப் போனபோது, இந்தக் கல்லின் கீழ் அடக்கமான பெண்ணை 'டோவர்கூ' என்னும் நீர்ப்பூதம் கொன்றதாகவும், கணவன் அதைக் கொன்றதாகவும் ஊர்க்கதை. ஏரியைப் பார்த்தால் கதை பிறந்ததில் வியப்பில்லை. இரு பக்கமும் பாறைச் சுவர், நடுவே அசையாத கருநீர். மேனர்ஹாமில்டனில் வயிற்றுக்கு ஏதாவது பார்த்துக்கொள்ளலாம். சூப்பும் பழுப்பு ரொட்டியும் எங்கும் கிடைக்கும், பால் கலந்த கெட்டித் தேநீர் எவர் வீட்டிலும் கிடைக்கும். அந்த ஊரின் கோட்டைச் சிதைவைப் பார்க்காமல் போனாலும் குறையில்லை.

மாலைக்குள் டிரமஹேர். ஊருக்கு அருகே கிரீவ்லீ மடம், 1508 இல் பிரான்சிஸ்கத் துறவிகளுக்காக எழுப்பப்பட்டது. முற்றத் தூண் ஒன்றில் புனித பிரான்சிஸ் பறவைகளுக்குப் போதிக்கும் சிறு சிற்பம் இருக்கிறது. தேடினால்தான் கண்ணில் படும். அறையில் மூட்டையைப் போட்டுவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே வெறும் சைக்கிளில் கில் ஏரியின் தென்கரைக்குப் போக வேண்டும். ஆர்287 இலிருந்து பிரியும் சந்தின் முடிவில் ஒரு சிறு படகுத்துறை. எதிரே ஒரு புதர்க்குவியல். அதுதான் இன்னிஸ்ஃப்ரீ. லண்டன் தெருவில் ஒரு கடை ஜன்னலில் சிறு நீரூற்றைக் கண்டபோது யேட்ஸுக்கு நினைவு வந்த தீவு. அதைப் பற்றி அவர் எழுதிய கவிதை 1890 இல் அச்சானது. அவர் அங்கே குடியிருந்ததே இல்லை. இவ்வளவுதானா என்று முதலில் தோன்றும், கால் மணி நேரம் கழித்து அப்படித் தோன்றாது.

நான்காம் நாள் குறுகியது. டிரமஹேரிலிருந்து வடகரை வழியாக ஆர்286 இல் ஸ்லைகோ பதினெட்டு கிலோமீட்டர்தான். நடுவே நீரை ஒட்டி நிற்கும் பார்க் கோட்டை கோடைகாலத்தில் திறந்திருக்கும். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடியேறிய ஆங்கிலேயர் ஒருவர் கட்டியது. 1970களில் முற்றத்தை அகழ்ந்தபோது ஓ'ரூர்க் குலத் தலைவனின் பழைய கோபுர வீட்டின் அடித்தளம் வெளிப்பட்டது. ஆர்மடாவில் பிழைத்தவர்களுக்கு அடைக்கலம் தந்த பிரையன் ஓ'ரூர்க் 1591 இல் லண்டனில் தூக்கிலிடப்பட்டான். அவன் வீட்டுக் கற்களே புதிய கோட்டைச் சுவரில் ஏறின. ஸ்ட்ரீடா மணலில் தொடங்கிய கதை இந்த முற்றத்தில் முடிகிறது. கடிதத்தைப் படித்தவருக்கு இது தெரியும், டிக்கெட் மட்டும் வாங்கியவருக்கு இது அழகான ஒரு கோட்டை.

இங்கிருந்து ஸ்லைகோ பதினொரு கிலோமீட்டர். மாலை ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்பே நிலையம் சேர்ந்து, சக்கரத்திலும் செயினிலும் ஒட்டிய சேற்றைப் பழந்துணியால் துடைத்துவிட வேண்டும். ரயில் பெட்டியில் சைக்கிளுக்குப் பக்கத்தில் யார் நிற்பார் என்று தெரியாது.

அன்புடன்,
பெரியப்பா