சிமெண்ட் மூட்டையும் சாஃப்ட்வேரும்



நம்ம அரியலூர்னு சொன்னாலே சுண்ணாம்புக்கல், சிமெண்ட் ஆலை, லாரி இதுதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஒரு மூட்டை சிமெண்ட் விற்கணும்னா கல்லை வெட்டணும், சூளையில் சுடணும், அரைக்கணும், லாரியில் ஏற்றணும். நூறாவது மூட்டைக்கும் கல்லும் கரியும் கரண்டும் வேணும். சாஃப்ட்வேர் அப்படி இல்லை. முதல் பிரதியை எழுதுவதற்குத்தான் உழைப்பு. நூறாவது பிரதி எடுக்க ஏறக்குறைய செலவே இல்லை. அதனால், கையில் முதல் இல்லாத மாணவர்களும் தொழில் பழகச் சாஃப்ட்வேர் ஏற்றது என்பது என் கருத்து.

"பிளஸ் டூ முடிச்சிட்டு என்ன செய்யப் போறே?" என்று வீட்டில் கேட்டால், "ஏதாவது வேலைக்குப் போறேன்" என்பதைத் தவிர நம்மில் பலருக்கு வேறு பதில் வருவதில்லை. தொழில் தொடங்குவதெல்லாம் பணக்காரங்க சமாச்சாரம் என்று நினைக்கிறோம். ஆனால் பிளஸ் ஒன்னில் சி பிளஸ் பிளஸ், பிளஸ் டூவில் பைத்தான், மைஎஸ்க்யூஎல் எல்லாம் படிக்கிறோம். ரெக்கார்டு நோட்டில் எழுதி, பிராக்டிகல் மார்க் வாங்கியதும் அந்தப் புரோகிராமை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இந்த வருஷம் எங்கள் வகுப்பில் நாலு நாலு பேராகச் சேர்ந்து, வெளியாள் ஒருவருக்குப் பயன்படும் புராஜெக்ட் செய்தோம். அதில் நான் கற்ற பாடங்கள் இவை:

1. முதலில் கேள், பிறகு எழுது.
என் பெரியப்பா பெரம்பலூர் பக்கம் சின்ன வெங்காயம் போடுகிறார். விதை, உரம், மருந்து, களையெடுக்கிற கூலி, வண்டி வாடகை எல்லாம் ஒரு நோட்டில் இருக்கும். "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டோம். "கிலோவுக்கு அடக்கம் என்னாச்சு, அதை மட்டும் சொல்லுங்க பாப்பா. வியாபாரிகிட்ட எந்த விலைக்குக் கீழே இறங்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியணும்" என்றார். அவருக்குக் கலர் கலரான படம் எதுவும் தேவைப்படவில்லை. அந்த ஒரு எண் போதும்.

2. சின்னதாகச் செய்து சீக்கிரம் கொடு.
மொத்தச் செலவைக் கூட்டி, விளைந்த கிலோவால் வகுப்பது. முதல் புரோகிராம் அவ்வளவுதான். அதைப் பார்த்த பிறகுதான், "பட்டறை போட்டு வைக்கும்போது அழுகிப் போறதையும் கழிக்கணுமே?" என்று பெரியப்பா கேட்டார். அதையும் சேர்த்தோம்.

3. உன் உழைப்புக்கும் அடக்கம் போடு.
நாங்கள் 4 பேர், ஆளுக்கு 30 மணி நேரம், மொத்தம் 120 மணி. மணிக்கு 50 ரூபாய் என்று வைத்தால் 6,000 ரூபாய். இதை ஒரே விவசாயியிடம் கேட்க முடியுமா? ஆளுக்கு 300 ரூபாய் வீதம் 20 பேர் வாங்கினால் முதல் வந்துவிடும். 21ஆவது ஆளிடமிருந்துதான் லாபம். அதிலும், "பாப்பா, இது ஓடல" என்று போன் வந்தால் போய்ச் சரி செய்யணும். அந்த நேரமும் செலவுதான்!

4. வேலையைப் பிரித்துக்கொள்.
விவசாயியிடம் பேச ஒருத்தர், எழுத ஒருத்தர், சோதித்துப் பார்க்க ஒருத்தர், கணக்கு வைக்க ஒருத்தர். நல்லா புரோகிராம் எழுதத் தெரியாத தோழிதான் எங்கள் குழுவில் விவசாயிகளிடம் அருமையாகப் பேசினாள். அவள் இல்லாவிட்டால் எங்கள் புராஜெக்ட் வகுப்பறையைத் தாண்டியிருக்காது.

உங்களுக்குத் தெரியுமா?

✻ 1995 வரை நம்ம ஊரும் திருச்சி மாவட்டம்தான். அந்தத் திருச்சியில் வளர்ந்தவர் கிரீஷ் மாத்ருபூதம். வெளிநாட்டிலிருந்து வீடு மாறி வந்தபோது அவருடைய டிவி உடைந்துபோனது. இழப்பீட்டுக்கு அலைந்து, கடைசியில் பொதுவில் எழுதிய பிறகே பணம் கிடைத்தது. வாடிக்கையாளர் குறைகளைக் கவனிக்கும் சாஃப்ட்வேர் ஒன்றை உருவாக்க அது ஒரு தூண்டுதல். 2010இல் ஃப்ரெஷ்டெஸ்க் பிறந்தது. அதன் முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவில் உள்ள ஒரு பள்ளி! அந்த நிறுவனம் 2021இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம் பிடித்தது.

✻ ஸ்ரீதர் வேம்புவின் ஜோஹோ நிறுவனம் 2004இல் ஒரு பள்ளி தொடங்கியது. பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களைச் சேர்த்து, கட்டணம் வாங்காமல், உதவித்தொகையும் கொடுத்துச் சாஃப்ட்வேர் எழுதப் பழக்கியது. பட்டம் இல்லாமலும் இந்த வேலையைக் கற்க முடியும் என்பதற்கு அது ஒரு சான்று.

தோழர்களே! உங்கள் வீட்டிலோ தெருவிலோ தினமும் கையால் கணக்கு எழுதும் ஒரு நோட்டைத் தேடுங்கள். பால் கணக்கு, மளிகைக் கடைப் பற்று நோட்டு, மகளிர் குழுக் கடன் நோட்டு, எதுவானாலும் சரி. அந்த நோட்டுக்காரரிடம், "இதில் உங்களுக்கு எது சிரமம்?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே ஒரு தாளில் எழுதி, கணினி ஆய்வகத்தில் எங்களிடம் கொடுங்கள். அடுத்த புராஜெக்ட் அதிலிருந்துதான்!

— பிளஸ் டூ மாணவி, கணினி அறிவியல் பிரிவு