வீட்டில் என்ன பாட்டு ஓடுது? சொல்வதையும் ஒழுங்காகச் சொல்லு, தங்கச்சி!

நீ கேட்கிற ஆல்பத்தை நாலு பேருக்குச் சொல்வது நல்ல பழக்கம்தான். ஆனால் விடிந்ததும் விடியாததுமாக குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வெறும் லிங்க்கைப் போட்டுவிட்டு ஓடுகிறாயே, அதை முதலில் நிறுத்து. ஒருத்தரும் திறக்க மாட்டார்கள்.

1. கூடவே ரெண்டு வரி எழுது. ‘அன்னக்கிளி, 1976, இளையராஜாவுக்கு முதல் படம், பாட்டெல்லாம் பஞ்சு அருணாசலம். ஜானகியம்மாவோடு நிறுத்திடாதீங்க, சுசீலாம்மாவும் பாடியிருக்காங்க.’ இவ்வளவு போதும். கட்டுரை எழுதாதே, சோறு குழைந்துவிடும்.

2. இளையராஜா நம்ம தேனிக்காரர் என்ற பாசத்தில் எண்பதுகளின் பாட்டு மொத்தத்தையும் பண்ணைப்புரத்துக் கணக்கில் எழுதாதே. ‘ஒருதலை ராகம்’ டி.ராஜேந்தர் போட்ட பாட்டு. பெருமை பேச வேண்டுமா, அதே 1980இல் வந்த ‘நிழல்கள்’ இருக்கிறது. பண்ணைப்புரம் இளையராஜா, அல்லிநகரம் பாரதிராஜா, வடுகபட்டி வைரமுத்து, மூன்று பேரும் ஒரே படத்தில். வைரமுத்து சினிமாவுக்கு எழுதியதே அதில்தான் ஆரம்பம். அப்போது தேனி தனி மாவட்டம்கூட இல்லை, மதுரை ஜில்லா. இதைச் சேர்த்து அனுப்பு, சித்தி மகன்கூடத் திறந்து கேட்பான்.

3. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் ‘ஹவ் டு நேம் இட்’ (1986) போடு. பாட்டு வரி கிடையாது, அதனால் பிள்ளை கூடச் சேர்ந்து பாடிக்கொண்டு உட்கார முடியாது.

4. பரண்மேல் கிடக்கிற கேசட்டுகள். இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறீர்கள். அப்பா லிஸ்ட் எழுதிக் கொடுத்து ரெக்கார்டிங் கடையில் பதிந்து வாங்கிய அறுபது நிமிஷ, தொண்ணூறு நிமிஷ கேசட்டில் இருக்கிற பாட்டு வரிசை வேறெங்கும் கிடைக்காது.

• வெள்ளையாகப் பூஞ்சை பூத்ததை அப்படியே டெக்கில் போடாதே. ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டுக்கும் போகும்.

• மேல் விளிம்பில் இருக்கிற ரெண்டு பிளாஸ்டிக் காதையும் உடைத்துவிடு. கை தவறி ரெக்கார்டு பட்டன் அமுங்கினாலும் பாட்டு அழியாது.

• நாடா தளர்ந்திருந்தால் பென்சிலை விட்டுச் சுற்றி இறுக்கு. ஸ்பீக்கர் மேல் வைக்காதே, உள்ளே காந்தம்.

• டெக்கின் ஹெட்போன் ஓட்டையிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு கேபிள், இலவசமாகக் கிடைக்கிற ஆடாசிட்டி, இது இருந்தால் பதிந்துவிடலாம். அறுபது நிமிஷ கேசட் அறுபது நிமிஷம் ஓடியே தீரும். அரைமணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றிவிட்டு, நீ பாட்டுக்குக் குழம்பைத் தாளி.

• அப்பா எழுதிய லிஸ்ட் அட்டையையும் போட்டோ எடு. குப்பையில் போட்டாயோ, தெரியும் சேதி!

5. ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறுகிறவளா? ராத்திரியே டவுன்லோடு பண்ணிக்கொள். மலையில் சிக்னலை நம்பாதே.

6. சத்தம். வீரபாண்டித் திருவிழாவுக்கு மட்டும்தான் குழாய் கட்ட வேண்டும், நம்ம வீட்டுக்கு இல்லை.

7. ஸ்மார்ட்போன் பழகாத அம்மாச்சிக்கு லிங்க் அனுப்பி என்ன பிரயோஜனம்? ரேடியோவில் கோடை எஃப்.எம். 100.5 வைத்துக் கொடு. அவள் என்ன கேட்டாள் என்பதைச் சாயங்காலம் விசாரித்து, நீயே குரூப்பில் போடு.

அப்புறம், அடுத்தவர் அனுப்பியதையும் ஒரு பாட்டாவது கேட்டுவிட்டுப் பதில் எழுது. கேட்காமலே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறவள் யார் யார் என்று எனக்குத் தெரியும்.