வேலைக்குப் போகும் நம் சபைப் பிள்ளைகளுக்கு

இந்த வருஷம் நம் சபையிலிருந்து சில பிள்ளைகள் முதல் முறையாகச் சம்பளம் வாங்கப் போகிறீர்கள். சிலர் காந்தி ரோட்டுப் பட்டுக்கடைகளில், சிலர் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளில், ஒன்றிரண்டு பேர் ஆஸ்பத்திரியில். வேலையில் சேர்ந்தபின் விசுவாசத்தைக் காப்பாற்றிக்கொள்வது எப்படி, ஊழியத்துக்கு நேரம் எங்கே என்று என்னிடம் கேட்டீர்கள். பட்டுக்கடையில் கணக்கெழுதியே தலை நரைத்தவன் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1. கையில் இருக்கிற வேலைதான் முதல் ஊழியம். யாத்திராகமம் 35ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். ஆசரிப்புக் கூடாரத்து வேலைக்கென்று தேவ ஆவியால் நிரப்பப்பட்ட பெசலெயேல் ஒரு கைத்தொழில்காரன். அங்கே எண்ணிச் சொல்லப்படும் தொழில்களில் நெசவும் இருக்கிறது.

நம் ஊரில் தறியைப் பக்கத்தில் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். நெசவாளர் நாடாவை விட, பக்கத்தில் உட்கார்ந்த துணையாள் கரைக்கான நாடாவைப் போட்டுக் கொடுப்பார். ஒவ்வொரு ஓட்டத்திலும் உடல் ஊடையும் கரை ஊடையும் ஒன்றையொன்று கொக்கி போட்டுக்கொள்ள வேண்டும். எங்காவது தவறினால் கடையில் விரித்துக் காட்டும்போது தெரியாது. கட்டிக்கொண்டு உட்கார்ந்து எழ, நாளடைவில் அந்த இடம் விட்டுப்போகும். யார் கண்ணுக்கும் படாத அந்தக் கொக்கியைச் சரியாகப் போடுவதைத்தான் நான் ஊழியம் என்கிறேன். தினமும் அரைமணி தாமதமாக வந்துவிட்டு மேஜைமேல் வேதத்தை விரித்து வைக்கிற பிள்ளையைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

2. ஜரிகையைப் பற்றிக் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். கடையில் நிற்கப் போகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய சோதனை வராது. அசல் ஜரிகை என்றால் பட்டு நூலின்மேல் வெள்ளி இழையைச் சுற்றித் தங்க முலாம் கொடுத்தது. ஒரு இழையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு தெரியும். மலிவு ஜரிகையில் செம்பும் பாலியஸ்டரும் இருக்கும். ஷோரூம் விளக்கு வெளிச்சத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் பளபளக்கும். மகளின் கல்யாணத்துக்காக வெளியூரிலிருந்து வந்த அம்மா உங்கள் முகத்தைப் பார்த்து, "தம்பி, நல்ல ஜரிகைதானே?" என்று கேட்பார். அவருக்குச் சுரண்டிப் பார்க்கத் தெரியாது. உங்கள் வாயைத்தான் நம்புகிறார்.

குறைந்த ஜரிகைப் புடவையை அதற்குரிய விலைக்கு விற்பதில் ஒரு தப்பும் இல்லை. வசதி குறைந்த வீட்டுப் பெண்ணும் பட்டு கட்ட வேண்டுமே. அதையே அசல் என்று சொல்லி விற்பதுதான் நீதிமொழிகள் சொல்லும் கள்ளத்தராசு. விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று சொல்வதும் அப்படியே; கைத்தறிக்கென்று ரகங்களை ஒதுக்கிய சட்டம் 1985லேயே வந்துவிட்டது. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. இந்த ஊர்ப் பேரில் நீங்கள் சொல்லும் பொய், பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பவரின் கூலியில் கை வைக்கிறது.

முதலாளி வற்புறுத்தினால் வாடிக்கையாளர் முன்னால் எதிர்த்துப் பேசாதீர்கள். சாயங்காலம் தனியாகப் போய், "அண்ணாச்சி, என்னால் அப்படிச் சொல்ல முடியாது. தரத்தைச் சொல்லியே நன்றாக விற்றுக் கொடுக்கிறேன்" என்று பணிவாகச் சொல்லுங்கள். பலர் விட்டுவிடுவார்கள். விடாதவரிடம் அதிக நாள் இருக்க வேண்டாம். வேறு வேலை கிடைக்கும்வரை வீட்டுக்கு அரிசி பருப்பு வாங்கித் தருவது சபையின் பொறுப்பு. இதை நான் கமிட்டியில் பேசியிருக்கிறேன், இனியும் பேசுவேன். ஐரோப்பாவில் பவுலின் வார்த்தையை முதலில் ஏற்றுக்கொண்ட லீதியாள் இரத்தாம்பரம் விற்ற துணி வியாபாரி. நம் தொழில்காரி என்று அவளை நினைத்துக்கொள்வது எனக்குப் பிடிக்கும்.

3. இது கோயில் நகரம். இங்கே நாம் ஒரு கைப்பிடி ஆட்கள். ஆயுத பூஜையன்று கும்பிடாமல் ஒதுங்கி நிற்பது உங்கள் உரிமை. முகம் சுளிப்பது அந்த உரிமையில் சேராது. முதல் நாள் மிஷினைத் துடைக்கவும் கடையைக் கழுவவும் முதல் ஆளாக நில்லுங்கள். படைத்ததைச் சாப்பிடலாமா என்பதில் நம் சபைக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. 1 கொரிந்தியர் 8ஆம், 10ஆம் அதிகாரங்களை வாசித்து உங்கள் மனச்சாட்சிப்படி நடங்கள். எப்படி நடந்தாலும், கொடுத்தவர் மனம் நோகக் கூடாது.

2019இல் அத்திவரதர் 48 நாள் எழுந்தருளியபோது ஊர் கொள்ளாத கூட்டம். அப்படிப்பட்ட நாளில் மயங்கி விழுந்த பாட்டிக்கு ட்ரிப் ஏற்றுகிற நர்ஸ் எந்த சாமியைக் கும்பிடுகிறாள் என்று யாரும் கேட்பதில்லை. அவளும் பாட்டியின் நெற்றியில் திருமண் இருக்கிறதா என்று பார்க்கக் கூடாது.

4. மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையைத் தெரிந்துகொள்ளுங்கள். 1826இல் பிறந்த கத்தோலிக்கர். பிரதாப முதலியார் சரித்திரம் எழுதியவர் என்று பாடப்புத்தகத்தோடு விட்டுவிடுகிறோம். அவர் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், லஞ்சத்தைக் கண்டித்து எழுதியவர். ஆங்கிலத்தில் கிடந்த தீர்ப்புகளைச் சாதாரண ஜனங்களுக்கும் புரியத் தமிழில் தொகுத்துக் கொடுத்தார். 1870களின் கடைசியில் தாது வருஷப் பஞ்சம் வந்தபோது தன் பொருளைச் செலவழித்துக் கஞ்சி ஊற்றினார். சிவபக்தரான கோபாலகிருஷ்ண பாரதி அவரைப் புகழ்ந்து பாடினார். சைவப் பெரும்புலவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்மேல் ஒரு கோவையே இயற்றினார். தன் மார்க்கத்தை அவர் யாரிடமும் ஒளிக்கவில்லை. அதற்காக யாரும் அவரை விட்டு விலகவும் இல்லை. அரசு வேலைக்குப் போகிறவர்கள் அவரைப் பற்றித் தேடி வாசியுங்கள்.

5. சம்பள நேரத்தில் பிரசங்கம் வேண்டாம். உங்களுக்குக் கீழே வேலை செய்பவரிடம் ஒருபோதும் வேண்டாம். அவரால் மறுத்துப் பேச முடியாது. கேட்டால் சொல்லுங்கள், டீ குடிக்கும்போது சொல்லுங்கள்.

6. கம்பெனியில் ஞாயிறு ஷிப்ட் வரும். அதற்காக வேலையை விடாதீர்கள், ஆராதனையையும் விடாதீர்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மற்றவர்களுடைய ஷிப்டை நீங்களாகக் கேட்டு வாங்குங்கள். ஞாயிறு மாற்றித் தர ஆள் கிடைப்பார்கள். கிடைக்காத வாரம் ஹாஸ்டலில் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ஜெபியுங்கள். கொரிந்துவில் பவுலும் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் ஒன்றாகக் கூடாரம் தைத்துக்கொண்டேதான் ஐக்கியம் காத்தார்கள்.

7. முன்பணத்தில் மாட்டியவர்களை மறக்காதீர்கள். மாஸ்டர் வீவரிடம் வாங்கிய கடனுக்காகப் பிள்ளைகளைத் தறியில் உட்காரவைத்த காலம் இந்த ஊரில் இருந்தது. 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச், பட்டுத் தொழிலின் கொத்தடிமைச் சிறுவர்களைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருக்கிறது. கொத்தடிமை முறை 1976லேயே சட்டப்படி ஒழிக்கப்பட்டது. இன்று தறியில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். கடன் குறையவில்லை.

நம் பழைய செங்கல்பட்டு ஜில்லாவில் ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி என்ற இரண்டு மிஷனரிகள், பண்ணையாட்களாகக் கிடந்த தலித் மக்களுக்கு நிலம் கொடுங்கள் என்று அரசாங்கத்தை விடாமல் கேட்டார்கள். கலெக்டர் ட்ரெமன்ஹீர் அந்த மக்களின் நிலையை விவரமாக எழுதி 1891இல் அறிக்கை கொடுத்தார். 1892இல் அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதிலிருந்து வந்ததுதான். பிரசங்க மேடையிலிருந்து வந்த நிலம் அல்ல அது. மனுவிலும் கோப்பிலும் அரசு மேஜையிலும் வளர்ந்தது. நீங்களும் அப்படியொரு மேஜையில்தான் உட்காரப் போகிறீர்கள்.

8. அதனால் ஊழியத்துக்கு நேரம் எங்கே என்று கேட்டவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். நம் தெருக்களில் நெசவாளர் அடையாள அட்டை புதுப்பிக்காதவர்கள் இருக்கிறார்கள். ஓய்வூதிய மனு எழுதத் தெரியாமல் புரோக்கருக்குக் காசு கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் மின்சாரம் இலவசம் என்று தெரியாமல் பில் கட்டுகிறவர்கள் இருந்தாலும் ஆச்சரியமில்லை. கம்ப்யூட்டர் தெரிந்த நீங்கள் இரண்டாம் சனிக்கிழமை மத்தியானம் சபைக் கூடத்தில் உட்காருங்கள். எந்த மதத்தார் வந்தாலும் மனுவை நிரப்பிக் கொடுங்கள், ஆதார் நகலை மறக்காமல் இணையுங்கள், ரசீது எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிக் கையில் கொடுத்தனுப்புங்கள். மேஜையும் மின்விசிறியும் நான் ஏற்பாடு செய்கிறேன்.