ஸ்பூல் டேப் ரெக்கார்டர்: பிளக்கைச் செருகுவதற்கு முன்

பரணிலிருந்து ஸ்பூல் டேப் ரெக்கார்டரை இறக்கியவர்கள், தூசி தட்டிய கையோடு பிளக்கைச் செருகிப் பார்ப்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். முப்பது நாற்பது வருஷம் சும்மா கிடந்த மெஷினுக்குள் 230 வோல்ட்டை ஒரேயடியாக விட்டால், நன்றாக இருந்த பாகமும் போய்விடும். க்ருண்டிக், பிலிப்ஸ், அகாய், சோனி எதுவானாலும் கோளாறு பெரும்பாலும் எலக்ட்ரானிக்ஸில் இருக்காது. இறுகிப்போன கிரீஸ், உருகிய ரப்பர், ஹெட்டில் படிந்த அழுக்கு, இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். ஆகவே சால்டரிங் அயர்னை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள்.

முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். வோல்ட்டேஜ் மாற்றும் திருகு 110-ல் இருந்தால் 220-க்கோ 240-க்கோ மாற்றுங்கள். இரண்டும் இருந்தால் 240 நல்லது; நம் ஊர் மின்சாரம் அடிக்கடி அந்தப் பக்கம்தான் ஏறுகிறது. அமெரிக்காவிலிருந்து வந்த மெஷின் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்குமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது. ஏசி மோட்டார் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும். ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டைக்கு இறங்கிவிடுவார். பல மாடல்களில் மோட்டார் புல்லியில் இரண்டு படி வைத்திருப்பார்கள். பெல்ட்டைப் பெரிய படிக்கு மாற்றினால் வேலை முடிந்தது.

உள்ளே கண்ணாடி வால்வுகள் தெரிந்தால், அல்லது முகப்பில் பச்சையாக ஒளிரும் மேஜிக் ஐ இருந்தால், அந்த மெஷின் ஆரம்பக்காரருக்கு வேண்டாம். அதன் கெபாசிட்டர்களில் 250 வோல்ட்டுக்கு மேல் நிற்கும்; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும். பழைய ரேடியோ மெக்கானிக் யாராவது பக்கத்தில் இருந்தால் மட்டும் தொடுங்கள். கீழே சொல்வதெல்லாம் டிரான்சிஸ்டர் மெஷினுக்கு.

மூடியைக் கழற்றியதும் திருகை அவிழ்க்காமல் ஒவ்வொரு கோணத்திலும் செல்போனில் படம் எடுங்கள். பெல்ட் எந்த வழியாகப் போகிறது, ஸ்பிரிங் எந்தத் துளையில் மாட்டியிருக்கிறது என்பதெல்லாம் மறுநாள் நினைவிருக்காது. பெல்ட் இருந்த இடத்தில் சில சமயம் பெல்ட்டே இருக்காது. புல்லியில் கருப்புப் பிசின் அப்பியிருக்கும். தொட்டால் விரல், சட்டை, மேஜை எல்லாவற்றிலும் ஏறும், சோப்புக்கும் மசியாது. கையுறை போட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் பொறுமையாகத் துடைக்க வேண்டும். செல்போன் ரிப்பேர் கடையில் ஐபிஏ என்று கேட்டால் தருவார்கள். புல்லியில் துளி மிச்சம் இருந்தாலும் புது பெல்ட் வழுக்கும், அல்லது பாட்டு அலையும்.

புது பெல்ட்டுக்கு அளவெடுக்கப் பழைய பெல்ட்டை நம்பாதீர்கள், அது தொய்ந்திருக்கும். புல்லிகளைச் சுற்றி நூல் விட்டு அளந்து, அதில் 5 முதல் 10 சதவீதம் குறைத்துக்கொள்ளுங்கள். பட்டையா சதுரமா என்பதையும் குறித்துக்கொண்டு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போங்கள்.

அடுத்தது எண்ணெய். லீவர் அசையவில்லை என்றால் பலம் கொடுக்கக் கூடாது. அந்த இடத்துக் கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கிறது என்று அர்த்தம். பாகத்தைக் கழற்றி, பழையதை ஆல்கஹாலால் சுத்தமாக எடுத்துவிட்டுப் புதிதாகத் தொட்டு வைக்க வேண்டும். துருவுக்கு அடிக்கும் ஸ்பிரே இரண்டு நாள் வேலை செய்யும், பிறகு பழைய கதைதான். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், அது பிசுக்காகி இன்னும் மோசமாக இறுகும். மோட்டார் பேரிங்குக்கு மெல்லிய மெஷின் ஆயில் ஒரு துளி போதும். அது பெல்ட்டிலோ ரப்பரிலோ படக் கூடாது.

ஹெட்டையும் நாடாவை இழுக்கும் கேப்ஸ்டன் தண்டையும் அதே ஆல்கஹாலில் நனைத்த பட்ஸால் துடையுங்கள். பஞ்சில் பழுப்பு நிறம் வருவது நிற்கும்வரை. நாடாவை அழுத்திப் பிடிக்கும் ரப்பர் ரோலருக்கு மட்டும் சோப்புத் தண்ணீர் நல்லது. அது கண்ணாடி மாதிரி பளபளத்து இறுகிப்போயிருந்தால் மாற்றத்தான் வேண்டும். ஹெட் பக்கத்தில் உள்ள சின்னத் திருகுகளைத் தொடாதீர்கள். அவை ஹெட்டின் கோணத்தை நிர்ணயிப்பவை. கால் சுற்று மாறினாலே 'ஸ' ஒலி மழுங்கிவிடும்.

இப்போது பிளக். நேராக வேண்டாம், எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரீஸ் பல்பு போர்டு வழியாக. 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு வேண்டும், எல்இடி உதவாது. பல்பு ஒருமுறை பளிச்சிட்டு மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஷார்ட், உடனே பிடுங்குங்கள். மின்சாரம் நுழையும் இடத்தில் 'ரிஃபா' என்று அச்சிட்ட, மஞ்சளாக உள்ளே தெரிகிற கெபாசிட்டர் இருந்து, அதன் மேல் மயிரிழை விரிசல் ஓடினால் முன்கூட்டியே மாற்றச் சொல்லுங்கள். புகையும் நாற்றமுமாக அது வெடிப்பது ரெவாக்ஸ் ஏ77 வைத்திருப்பவர்களுக்குப் பழக்கமான விஷயம்.

ஓட்டிப் பார்க்கும் முதல் நாடா தாத்தாவின் குரலாக இருக்கக் கூடாது. ஸ்பூலில், கேசட்டில் இருப்பதுபோல் அழியாமல் காக்கும் பற்கள் கிடையாது. உள்ளே இருக்கும் நீளமான ரெக்கார்டிங் ஸ்விட்ச் துருப்பிடித்து ரெக்கார்டு நிலையிலேயே சிக்கியிருந்தால், பிளே அழுத்திய நொடியிலிருந்து நாடா அழியத் தொடங்கும். வேண்டாத நாடா ஒன்றை ஓட்டி, பின்னோக்கிச் சுற்றி மறுபடி கேளுங்கள். பாட்டு அப்படியே இருந்தால் பயமில்லை. கரகரப்பு மட்டும் இருந்தால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ஸ்விட்சில் கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முப்பது தடவை முன்னும் பின்னும் தள்ளினால் போதும்.

வேகத்தைச் சரிபார்க்க கருவி தேவையில்லை. அதே நாடாவில் 5 மீட்டர் 71½ செ.மீ. அளந்து இரு முனையிலும் வெள்ளைப் பென்சிலால் குறியிடுங்கள். நொடிக்கு 9.5 செ.மீ. வேகத்தில் அது சரியாக 60 நொடியில் கடக்க வேண்டும். அகாய் 4000டிஎஸ் வைத்திருப்பவர்கள், 19 செ.மீ. வேகத்துக்குக் கேப்ஸ்டன் மேல் மாட்டும் குட்டி உலோகக் குழாய் இருக்கிறதா என்று பாருங்கள். அது தொலைந்த மெஷின்கள் நிறைய.

பழைய நாடா கிறீச்சிட்டால் உடனே நிறுத்துங்கள். காந்தத்தூளை ஒட்டவைத்த பசை ஈரம் குடித்து இளகியிருக்கிறது. வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் மெஷினில் ஏற்றவே வேண்டாம். பசை இளகிய நாடாவை ஓவனில் சுடுவது எப்படி என்று யாராவது சொல்லித்தந்தாலும் வீட்டில் முயல வேண்டாம். ஸ்பூலை வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி ஊடுருவும் நாடா அசிடேட். அதைச் சூடுபடுத்தினால் நாடாவே பாழ். நல்ல நிலையில் உள்ளதைக் கேட்கும் முதல் தடவையே லைன்-அவுட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு 24 பிட்டில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோன, அல்லது ஹெட் பள்ளமாகத் தேய்ந்த மெஷினுக்குக் காசைக் கொட்டாதீர்கள். தூக்கியும் போடாதீர்கள். பழைய சாமான் கடையில் அதே மாடல் இன்னொன்று தென்பட்டால் வாங்கிவிடுங்கள், இரண்டையும் வைத்து ஒன்றைத் தேற்றிவிடலாம்.